தண்ணியா ஒரு டீ

கட்டிலின் மூன்று திருகுகள் கழன்று டப்பா மூடியில் கிடந்தன. நாலாவது மட்டும் அசைய மறுத்தது. மில்லுக்காரர் மனைவி ஸ்பேனரில் பழந்துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு ஒரு திருப்பு திருப்பினாள். கிரீச்சென்றது. தளர்ந்தது.

"அப்படி வா வழிக்கு" என்றாள் திருகிடம்.

அது சுகாதார நிலையத்துக் கட்டில். கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். ஊரில் யார் படுக்கையில் விழுந்தாலும் அந்தக் கட்டில்தான் அந்த வீட்டுக்குப் போகும். அதில் படுத்துத் தேறி எழுந்து நடந்தவர்களும் உண்டு, அதிலிருந்தே தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. மில்லுக்காரர் இரண்டாம் வகை. அடுத்து அது பால்காரர் அம்மாவுக்கு. கிழவி மாட்டுக் கொட்டகையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் பால்காரர் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

கட்டில் போவதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவளை உறுத்தியது அன்று சாயங்காலக் கூட்டம்.

வருஷா வருஷம் அறுவடை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்ததும், அந்த வருஷம் இறந்துபோனவர்களைப் பற்றிப் பேச எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். யாருக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதை எழுந்து சொல்லலாம். கூட்டத்துக்கு அழைக்க வாத்தியார் நேரிலேயே வந்தார். "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லணும்மா. கடைசி நாள் எப்படி இருந்தார்னு ஜனங்க கேட்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி நாளைத் தவிர வேறு எந்த நாளைக் கேட்டாலும் அவள் வாய் வலிக்கப் பேசியிருப்பாள்.

ஏனென்றால் புருஷனைக் கொன்றது தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கிளாஸ் டீ கொடுத்துக் கொன்றாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மில்லுக்காரருக்கு ஊரில் பெயர் மைக் செட்டு. வாலிபத்திலேயே மாவு மில்லை எடுத்து நடத்த ஆரம்பித்தவர். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. தன் குரலே தனக்குக் கேட்காததால் சாதாரணமாக "சாப்பிட்டியா?" என்று கேட்பதுகூட அடிக்க வருவதுபோல இருக்கும். புதிதாக வாழவந்த பெண்கள் மில்லுக்குப் போகப் பயந்து மாமியாரை அனுப்புவார்கள். மாமியாரும் பயந்தால் மாமனார் வருவார். அவர் எல்லாரையும் ஒன்றுபோலத்தான் நடத்தினார், அதாவது எல்லாரையும் பார்த்துக் கத்தினார்.

ஆனால் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாரென்றால் உள்ளே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். மிளகாய் அரைப்பதை எப்போதும் சாயங்காலம் கடைசியில்தான் வைத்துக்கொள்வார். அரைத்து முடித்ததும் உள்ளே துடைத்து, தவிட்டைப் போட்டு ஓட்டிச் சுத்தம் செய்யாமல் வீட்டுக்குப் போகமாட்டார். மறுநாள் முதலில் வருகிறவள் குழந்தைக்கு மாவு அரைக்க வந்திருக்கலாம் இல்லையா? இதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை. மிளகாயோடு காலையில் வந்து நின்றவர்களைக் கத்தி விரட்டினார், அவ்வளவுதான். ஊர் அதைத் திமிர் என்றது.

அவருடைய ஒரே சுகம் டீ. மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொதிக்கக் கொதிக்க, கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி மூடிக் குடிப்பார். மாவுத்தூசி விழாமல் இருக்கத்தான் மூடுவது. அந்தக் கையே மாவுதான் என்று மனைவி சொன்னால், "இது என் மாவு, அது ஊரான் மாவு" என்பார். சர்க்கரை ஒரு துளி குறைந்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு நாள் காலையில் பக்கவாதம் சாய்த்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, குரலும் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். அவள் குனிந்து காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும்.

விழுங்குவதும் சிக்கலாகிவிட்டது. தண்ணீர்போல இருப்பது எதுவும் வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், நுரையீரலில் சளி கட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு பவுடர் கொடுத்தார்கள். தண்ணீரோ பாலோ டீயோ, எதுவானாலும் அதைக் கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். முதல் ஸ்பூனைச் சப்பிப் பார்த்துவிட்டு அவர் மனைவியையே பார்த்தார்.

"இது குடிக்கவா, சுவத்துல போஸ்டர் ஒட்டவா?"

"நீங்கதானே சாமி ஊருக்கெல்லாம் மாவு அரைச்சீங்க. இப்ப நீங்க சாப்பிடுங்க."

"அரைச்ச பாவத்துக்குக் கரைச்சு ஊத்துறியா?"

சிரிப்பு வந்தது இரண்டு பேருக்கும். ஆனால் நாளாக ஆக அது சிரிப்பாக இல்லை. தினமும் கேட்டார். தண்ணியா ஒரு டீ. தினமும் அவள் மாட்டேன் என்றாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி அலசுவது, அதற்கு நடுவே இந்தப் பாட்டு. சில நாள் அவளே பவுடர் டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று நினைத்திருக்கிறாள். இன்னும் சில நாள் அதைவிட மோசமாக நினைத்திருக்கிறாள். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிற எல்லாருக்கும் அப்படி ஒரு நாள் வரும். வராது என்று சொல்பவர்கள் பார்த்துக்கொண்டதில்லை.

கடைசி சாயங்காலம் அவர் கேட்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் எழுந்து போய் டீ போட்டாள். பவுடர் டப்பாவைத் தொடவில்லை. கட்டிலை உயர்த்தி, அவரைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து, கிளாஸை உதட்டில் வைத்தாள். மூன்று மடக்கு குடித்தார். மறுநாள் விடியும்போது மூச்சு இல்லை.

போன பிறகு அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, தூக்கம். வந்தவர்கள் எல்லாம் போனதும் சுவரோரம் படுத்தவள் மறுநாள் உச்சி வெயிலில்தான் கண் விழித்தாள். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அந்த லேசுதான் அவளை மேலும் பயமுறுத்தியது. இதுக்குத்தான் குடுத்தியா என்று உள்ளே ஒரு குரல். அது மில்லுக்காரரின் பழைய குரல்போலச் சத்தமாகவே கேட்டது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ், கட்டிலைப் பார்க்க வந்திருந்தாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்பிள்ளை.

"அக்கா, தனியாவா கழட்டுனீங்க? எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தாள். "சாயங்காலம் வர்றீங்கல்ல?"

"தலைவலியா இருக்கு சிஸ்டர்."

"இப்பவேவா? கூட்டம் ஆறு மணிக்கு. தலைவலி அவ்வளவு முன்னாடியே சொல்லிட்டு வராது."

மில்லுக்காரர் மனைவி டப்பா மூடியில் இருந்த திருகுகளைக் கையில் அள்ளினாள், திரும்பப் போட்டாள், திரும்ப அள்ளினாள். பிறகு திருகுகளைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டீ, பவுடர் போடாதது, மூன்று மடக்கு, விடியற்காலை.

நர்ஸ் "ஐயோ" என்றோ "பரவாயில்லை" என்றோ சொல்லவில்லை. சக்கரத்தை விட்டுவிட்டு நேராக உட்கார்ந்தாள்.

"குடிச்சதும் இருமினாரா?"

"இல்ல."

"தொண்டையில களகளன்னு சத்தம்? மூஞ்சி நீலமாச்சா? மூச்சுத் திணறினாரா?"

"இல்ல சிஸ்டர். ஏப்பம் விட்டார்."

"ஏப்பம் விட்டாரா!" நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "சரி. ஒண்ணு கேக்கறேன். உங்க மகன் வெளியூர்லேர்ந்து எப்ப வந்து சேர்ந்தான்?"

"விடிஞ்சு கொஞ்ச நேரத்துல. ராத்திரி பஸ் பிடிச்சு வந்தான்."

"உங்க மகன் லீவு இல்லாத நாள்ல ராத்திரி பஸ் பிடிச்சு ஏன் வந்தான்?"

அவள் அதை யோசித்ததே இல்லை. பிள்ளை வந்தான், எடுப்பதற்குள் வந்துவிட்டான், அவ்வளவுதான் தெரியும்.

"நான் போன் பண்ணினேன் அக்கா. அன்னிக்குக் காலையில. துணி மாத்த வந்தேன்ல? முழங்கால்ல ஊதா ஊதாவாத் திட்டு பரவியிருந்துச்சு. பாதம் ஜில்லுனு இருந்துச்சு. மூத்திரப் பையில ஒண்ணும் இல்ல. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. இதெல்லாம் சேர்ந்தா என்னன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கோ நாளைக்கோதான், உடனே கிளம்புன்னு அவன்கிட்ட சொன்னேன். போன் காலையில. உங்க டீ எப்ப?"

"சாயங்காலம்."

"அப்புறம் என்ன?"

வாசலில் ஒரு சைக்கிள் போனது. அவள் கை திருகுகளை இறுக்கிக்கொண்டிருந்தது.

"ஒருவேளை ஒரு சொட்டு நுரையீரலுக்குள்ளயே போயிருந்தாலும்," என்றாள் நர்ஸ், "காய்ச்சல் வரும், சளி கட்டும், அதுக்கு நாளாகும். ஒரே ராத்திரியில ஏப்பம் விட்டுட்டு யாரும் அதுல போக மாட்டாங்க. அவர் போற வழியில இருந்தார். நீங்க டீ குடுத்து அனுப்பினீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே! இந்த இடத்துல நின்னு, கையைப் பிடிச்சு, 'அக்கா, இனி ரொம்ப நேரமில்ல, பக்கத்துலயே இருங்க, கேட்டதைக் குடுங்க'ன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'சரி சிஸ்டர், போர்வை இன்னும் காயலை'ன்னீங்க."

போர்வை காயாதது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேகமூட்டமான நாள். கொடியில் இரண்டு முறை திருப்பிப் போட்டும் காயவில்லை. நர்ஸ் சொன்னது மட்டும் துளிகூட ஞாபகம் இல்லை.

"பாதிப் பேருக்கு அப்படித்தான்" என்றாள் நர்ஸ், எழுந்து கையைத் தட்டிக்கொண்டே. "காதுல விழும், உள்ள போகாது. நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும். சரி, கையை விரிங்க. திருகு குத்துது பாருங்க."

உள்ளங்கையில் நாலு திருகுகளும் வரிவரியாகப் பதிந்திருந்தன. அவள் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு முதல்முறையாக அழுதாள். நர்ஸ் அதற்குள் கட்டில் கால்களை ஒன்றாகச் சேர்த்துக் கயிறு போட ஆரம்பித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தையற்காரியைப் பற்றிப் பேசினார்கள். சொன்ன தேதிக்கு அவள் ஒரு துணியும் கொடுத்ததில்லை. "என் கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த சட்டை என் முதல் குழந்தை பொறந்தப்ப வந்துச்சு. ஆனா கச்சிதமா இருந்துச்சு. அதுக்குள்ள நான் குண்டாயிடுவேன்னு யோசிச்சே தைச்சிருக்கா" என்றாள் ஒருத்தி. தையற்காரியின் தங்கையே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து மில்லுக்காரர். எழுந்தது பால்காரர்.

"ஒரு தடவை என் ஆட்டைக் காணோம். மைக் செட்டுகிட்ட சொன்னேன். மில் வாசல்ல நின்னு ஒரு குரல் விட்டார். ஆடு வரலை. ஆட்டைத் திருடினவன் வந்து கட்டிட்டுப் போனான்."

சிரிப்பு அடங்கியதும் வாத்தியார் அவளைப் பார்த்தார். கட்டாயப்படுத்துகிற பார்வை இல்லை. அவள் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மிளகாயைக் காலையில ஏன் அரைக்க மாட்டார்னு யாருக்காவது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். யாருக்கும் தெரியவில்லை. சொன்னாள். பின்வரிசையில் ஒரு மாமியார், "அடப்பாவி, இதை மெதுவாச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள்.

"மெதுவாப் பேச ஆரம்பிச்சது விழுந்த பிறகுதான். அப்ப கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணு. தண்ணியா ஒரு டீ. குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. கடைசி நாள் குடுத்தேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் மேலே சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"மூணு மடக்கு குடிச்சார். நல்லாருக்குன்னார். மீதியை நீ குடின்னு தள்ளினார். வாழ்நாள்ல எனக்கு மிச்சம் வைச்சு டீ குடிச்ச மனுஷன் இல்ல. குடிச்சுப் பார்த்தேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "சர்க்கரையே போடலை. பதட்டத்துல மறந்துட்டேன்."

பால்காரர்தான் முதலில் வெடித்தார். "சர்க்கரை இல்லாமலா? கத்தலையா?"

"கத்தலை. நல்லாருக்குன்னார்."

பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு நகர்ந்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் தட்டி, "நானா இருந்தா எப்பவோ குடுத்திருப்பேன். நீ ரொம்ப அழுத்தக்காரி" என்றாள். அது திட்டா பாராட்டா என்று அவள் யோசிக்கவில்லை. வாத்தியார் அடுத்த பெயரைச் சொன்னார்.

மறுநாள் காலையில் பால்காரர் வண்டி வந்தது. அவளும் ஸ்பேனரையும் திருகு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கூடவே போனாள். அந்த நாலாவது திருகின் குணம் அவளுக்குத்தானே தெரியும். பால்காரர் வீட்டு ஜன்னலோரம் கட்டிலை நிறுத்தி, பூட்டி, கைப்பிடியை எப்படிச் சுற்ற வேண்டும் என்று மருமகளுக்குக் காட்டினாள். இரும்பு உறுத்தாமல் இருக்க எங்கே துணி மடித்து வைக்க வேண்டும் என்றும் காட்டினாள். ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கத் தானே ஏறி நீட்டிப் படுத்தாள். ஆட்டம் இல்லை. வெளிச்சம் நன்றாக விழுந்தது. இத்தனை மாதத்தில் அந்தக் கட்டிலில் அவள் படுத்ததே இல்லை.

பாயில் கிடந்த கிழவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, கட்டில் எனக்கா உனக்கா?"

"இருங்க பெரியம்மா, எந்திரிக்கிறேன்" என்று அவள் எழுந்தாள். பிறகு கிழவியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, மருமகளை மறுபக்கம் நிற்கச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்றாள்.