பூட்டிய டவர்

ஓசூரில் அந்த நாட்களில் புது சிம் வாங்கினால், கடைக்காரர் அதைப் போனில் போட்டுக் கொடுக்கும்போதே "பூட்டிரட்டுங்களா?" என்று கேட்பார். நாமும் தலையாட்டுவோம். செட்டிங்ஸுக்குள் போய், போன் தானாக டவர் தேடுவதை நிறுத்திவிட்டு, தமிழ்நாட்டு டவரை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி வைத்துவிடுவார். இதற்குத்தான் பூட்டுவது என்று பெயர். பூட்டாத போன் எங்கள் ஊரில் சொன்ன பேச்சு கேட்காது. நாங்கள் குடியிருந்த ஜூஜூவாடியில் துணி காயப்போட மாடிக்குப் போனாலே டவர் கர்நாடகாவுக்குத் தாவிவிடும். தாவினால் ரோமிங். நாம் பேசினாலும் காசு, யாராவது கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு. ஈரத்துணியோடு நின்ற இடத்திலேயே வெளிமாநிலம் போய்விட்டதாகக் கணக்கு.

வேலையாகப் பெங்களூர் போகிறவர்கள் மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டியதும் பூட்டைத் திறப்பார்கள். திரும்பும்போது மறுபடி பூட்டுவார்கள். அந்த இடத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் குனிந்து போனை அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். என் கணவர் இதில் கில்லாடி. பைக்கில் போனாலும் செக்போஸ்ட் தாண்டி ஓரங்கட்டி, பூட்டைத் திறந்துவிட்டுத்தான் மேலே வண்டியை எடுப்பார். "பெரிய கஜானா சாவி" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

எனக்கு சிப்காட்டில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. தரப் பரிசோதனைப் பிரிவு. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எல்லோரும் சரி என்று சொன்ன பாகத்தை வாங்கி மறுபடி அளந்து பார்ப்பேன். இந்தப் புத்தி வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான்.

கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு அளவை இயந்திரம் வாங்கினார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவர் அங்கே போக வேண்டும். என் பெயரைச் சொன்னபோது, "குழந்தை இருக்கிற பொம்பளை, நாளைக்கு அழுதுகிட்டு பாதியில வந்துட்டா?" என்று மீட்டிங்கிலேயே ஒருவர் கேட்டாராம். அது என் காதுக்கு வந்த பிறகு எனக்கு வீம்பு ஏறிவிட்டது. போயே தீர்வது என்று முடிவு செய்தேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. அதற்கு முந்தின வருஷம் காய்ச்சல் ஏறி ஒருதரம் வலிப்பு வந்திருந்தது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி இழுத்தன. ஓசூர் டாக்டர் சொல்லி அனுப்பினார்: "சூடு ஏறவே விடாதீங்க. ஏறிடுச்சுன்னா இங்க நின்னு யோசிக்காதீங்க. நேரா பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க." அதன் பிறகு வேறொன்றும் வரவில்லை. ஆனால் நான் கிளம்பிய அன்று அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆபீசில் என் நம்பருக்கு வெளிநாட்டு ரோமிங் வாங்கிக் கொடுத்தார்கள். மெயில் பார்க்க நெட்டும் சேர்த்து. "ஃபிளைட்ல இருந்து இறங்கி ஆன் பண்ணுங்க மேடம், தானா எடுத்துக்கும்" என்றார் அந்த வேலையைக் கவனித்தவர். இறங்கினேன், ஆன் செய்தேன். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். டவர் கட்டம் காலியாகவே இருந்தது. ஆள் ரோமிங்கைப் போடவே மறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, தெரிந்த வசவையெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. ஓட்டல் அறைப் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "தூங்கறா. மூக்குதான் ஒழுவுது, வேற ஒண்ணுமில்ல. நீ போயி சாப்புடு" என்றார் கணவர். என் போன் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். "திங்கக்கெழமை ஆபீஸ்ல கேட்டுக்கலாம் விடு" என்றார். ஓட்டல் நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும். நிமிஷத்துக்கு எவ்வளவு தீட்டுவார்களோ என்ற பதற்றத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் கூப்பிட்டேன். அங்கே மதியம் ஆகியிருக்கும், மகள் சாப்பிட அடம்பிடிக்கும் நேரம். மணி அடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு பெண் நல்ல தமிழில், நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள். அந்தக் குளிர் ஊரில் என்னிடம் தமிழ் பேசிய ஒரே ஆள் அவள்தான். மறுபடி அழைத்தேன். அதையே சொன்னாள்.

எங்கள் வீட்டில் வேறு போன் கிடையாது. வீட்டுக்காரம்மா கீழே குடியிருந்தார். அவர் வீட்டு நம்பர் என் போனில் இருந்தது. அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அவர்களுக்கு ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டம், ஞாயிறானால் குடும்பத்தோடு அங்கே போய்விடுவார்கள். கம்பெனியில் யாரையாவது கூப்பிடலாம். ஆனால் வந்த மறுநாளே வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பேச்சு கிளம்பும். அந்த யோசனையை விட்டேன். பிறகு மறுபடி கணவருக்கே அடித்தேன். மறுபடி அவளே வந்தாள்.

பயத்தில் சிலருக்கு யோசனை நின்றுவிடும். எனக்கு ஓடும். போன் அணைந்திருந்தால் அந்தப் பெண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வாள். இவள் சொல்வது எல்லைக்கு வெளியே என்று. எங்கள் வீட்டில் தமிழ்நாட்டு டவர் கிடைக்காமல் போனதே இல்லை. குந்தாரப்பள்ளியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தால் வழி நெடுக டவர் உண்டு. தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுப் பக்கம் போனால் டவர் இருக்காது. ஆனால் சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே எதற்குப் போகப்போகிறார்? மிச்சம் இருப்பது ஒரே திசைதான். அத்திப்பள்ளி.

சரி, பெங்களூர் போயிருக்கட்டும். செக்போஸ்ட் தாண்டியதும் பூட்டைத் திறந்திருப்பாரே? அது அவருக்குக் கைப்பழக்கம் ஆயிற்றே? திறக்கவில்லை என்றால், திறக்க அவருக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையிலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாத்ரூமுக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தேன். பூட்டைத் திறக்கவில்லை, திறக்கவில்லை என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அப்படி முணுமுணுத்தபடி வெளியே வந்தபோது, கட்டில் மேல் காலிக் கட்டத்தோடு கிடந்த என் போனைப் பார்த்தேன்.

என் போனும் ஓசூர் போன்தான். கடைக்காரர் பூட்டிக் கொடுத்த போன். அது ஜெர்மனி வரைக்கும் வந்தும் தமிழ்நாட்டு டவரையே தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க், அதற்குள் தானாக என்பதை அமுக்கினேன். கொஞ்ச நேரம் தேடியது. பிறகு வாயில் நுழையாத ஒரு பெயர் திரையில் வந்தது, பக்கத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. திட்டு வாங்கிய ஆபீஸ்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். முதலில் அந்த நாட்டு வரவேற்பு மெசேஜ். நெட் சுற்றிச் சுற்றி இழுத்து வந்ததெல்லாம் ஆபீஸ் மெயில். பயிற்சி அறிக்கை எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று ஒன்று, அதைத் திருத்தி இன்னொன்று. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அதன் பிறகுதான் அவருடைய மெசேஜ் வந்தது. எப்போதும் போல ஆங்கில எழுத்தில் தமிழ்.

"பாப்பாக்கு ஜுரம் ஜாஸ்தி. பெங்களூர் கெளம்பறோம். பயப்படாத."

பயப்படாத என்று எழுதினால் யாராவது பயப்படாமல் இருந்திருக்கிறார்களா? காலையில் கிளம்பும்போது அனுப்பியது அது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. என் பூட்டு திறந்துவிட்டது, அவருடையது திறக்கவில்லை. நான் எழுத ஆரம்பித்தேன். எந்த ஆஸ்பத்திரி? சூடு எவ்வளவு? வலிப்பு வந்துச்சா? ஈரத்துணி போட்டீங்களா? பதில் வராது என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அனுப்பாமல் இருந்தால் அந்த அறையில் நான் செய்வதற்கு வேறு எதுவுமே இல்லை. ஏங்க, எதாவது சொல்லுங்க. அவளுக்கு அந்த மஞ்சப் போர்வை எடுத்துட்டுப் போனீங்களா? ஏங்க. கடைசியில் வெறும் "ஏங்க" மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வெளியே கடை எல்லாம் அடைத்திருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. காலையில் ஓட்டலில் வைத்திருந்த ரொட்டியைக் கையில் எடுத்தேன், மறுபடி மேசையிலேயே போட்டேன். வீம்புக்கு வந்தேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. கோடுகள் குறைந்துவிடுமோ என்று போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே நின்றேன்.

மதியம் தாண்டி போன் அடித்தது. 080 என்று ஆரம்பிக்கும் நம்பர், பெங்களூர். எடுக்கப் பயமாக இருந்தது. தெரியாத ஆள், தெரியாத குரல், கன்னடத்தில் ஏதாவது சொல்லிவிட்டால்? பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தேன்.

"அம்மா, ஊசி போட்டாங்க" என்றது மகளின் குரல். கம்மிப்போயிருந்தது. "கையில டேப் ஒட்டிருக்காங்க. நான் அழுவல."

நான் அழுதேன். யாரும் பார்க்காததால் சத்தம் போட்டே அழுதேன்.

கணவர் வாங்கிப் பேசினார். "ஆஸ்பத்திரி எஸ்.டி.டி. பூத்துல இருந்து பேசறேன். ஜுரம் எறங்கிருச்சு. வெளயாட்டுப் பேச்சு பேசறா. காலையில உன் நம்பருக்கு அடிச்சேன் அடிச்சேன், போவவே இல்ல. என் போனும் செத்துப்போச்சு, என்னான்னு தெரியல."

"வலிப்பு வந்துச்சாங்க?"

"வண்டியில ஒருதரம் வந்துச்சு" என்றார். "அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல நிக்கும்போது. மடியிலதான் வெச்சிருந்தேன். இப்ப நல்லா இருக்கறா. அழுவாத."

செக்போஸ்ட் தாண்டி ஓரங்கட்டுகிற மனிதர், அங்கே மகளின் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஏங்க, உங்க போன் சாவல" என்றேன். "பூட்டியே இருக்கு. செட்டிங்ஸ் போங்க."

"அட, ஆமால்ல!" என்றார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் அவளையும் மறு கையில் போனையும் பிடித்து அமுக்குகிறார் என்பது மூச்சு வாங்குவதிலேயே தெரிந்தது. "நெட்வொர்க்... ஆங், தானா... வெச்சிட்டேன். தேடுது."

காத்திருந்தோம். பூத்தில் யாரோ கன்னடத்தில் பேசும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கையிலிருந்த போன் ஒருமுறை கூவியது. அது அடங்குவதற்குள் இன்னொருமுறை. அதன்மேல் இன்னொன்று. காலையிலிருந்து நான் அனுப்பியவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. என் போன் வழியாக அவற்றைக் கேட்டுக்கொண்டே நின்றேன். நிற்கவே இல்லை.

"யாருப்பா இவ்ளோ?" என்று மகள் கேட்டாள்.

"எல்லாம் அம்மாதான் சாமி" என்றார்.