வெர்னா ஹாட்ரிக் கட்டாத பாக்கி

கடிதம் வந்தபோது வெர்னா ஹாட்ரிக் கோழிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு அங்கேயே நின்று பிரித்துப் படித்தாள். ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க, வேலையில் இருந்துகொண்டே வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையை அவள் வாங்கிவிட்டாளாம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். கட்டாவிட்டால் முதியோர் ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்வார்களாம்.

"நான் திருடினேன்னு எழுதியிருக்கான்," என்றாள் கோழிகளிடம்.

திருட்டு என்ற சொல் கடிதத்தில் இல்லை. மிக மரியாதையான கடிதம். ஆனால் வெர்னா சரியாகத்தான் படித்தாள் என்பேன். மரியாதையாகச் சொன்னால் மட்டும் அது வேறாகிவிடுமா?

எங்கள் ஊரான பால்ரனால்டைச் சுற்றி நூறு மைலுக்குள் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் அவள் சமைக்காத கொட்டகை குறைவு. புருஷன் இரண்டு பெண்களையும் ஒரு பழைய வண்டியையும் விட்டுவிட்டு ஓடிப்போனபோது கரண்டியைப் பிடித்தவள், முழங்கால் போகும்வரை விடவில்லை. விடியுமுன் ஆட்டுக்கறி வறுவல், பத்து மணிக்குத் தேநீரும் உலர்திராட்சை கேக்கும், மறுபடி கறி. கத்தரிக்கும் ஆட்களுக்கு வாய்க்கு ருசி இல்லையென்றால் ஓட்டுப் போட்டுச் சமையல் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெர்னாவை ஒருவரும் அனுப்பவில்லை. ஒரே ஒருவன் கறி வேகவில்லை என்று முனகினான். தட்டோடு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அன்று அவன் வாசல்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான், மிச்சம் வைக்காமல்.

அப்படிப்பட்டவள் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். வெகுநேரம் பாட்டைப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பையன் வந்தான்.

"அந்த வருஷத்துச் சம்பளச் சீட்டெல்லாம் அனுப்பி வைங்க மேடம், சரிபார்த்துடலாம்."

"வேலை செய்யாத வாரத்துக்கு எவன் தம்பி சம்பளச் சீட்டு குடுப்பான்?"

"அப்ப உங்க பழைய முதலாளிகிட்ட ஒரு கடிதம் வாங்குங்க."

"அவன் கல்லறையில இருக்கான். விலாசம் தரேன், நீயே எழுதிக் கேளேன்."

பையன் சிரிக்கவில்லை. சிரிக்கும் அதிகாரம் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை போலும். கணக்கை மட்டும் விளக்கினான். அந்த வருடம் அவள் சம்பாதித்த மொத்தத்தை எடுத்து, வருடம் முழுவதற்கும் கணினி சமமாகப் பரப்பியிருக்கிறது. அப்படிப் பரப்பினால் எல்லா வாரமும் அவள் வேலையில் இருந்ததாக ஆகிறது. வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிட்டார்கள்.

உண்மையில் நடந்தது இதுதான். அந்தக் குளிர்காலம் மழை விடாமல் கொட்டியது. நனைந்த ஆட்டைக் கத்தரித்தால் மூட்டுவலி வரும், உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் என்று எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். ஆடு ஈரமா இல்லையா என்பதை முதலாளி சொல்ல முடியாது. ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்பார்கள், பிறகு துண்டுக் காகிதத்தில் ஈரம் என்றோ காய்ந்தது என்றோ எழுதித் தொப்பிக்குள் போடுவார்கள். ஈரம் ஜெயித்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்த வருடம் ஈரம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கொட்டகையையே மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வெள்ளம் வடியும்வரை வெர்னா உதவித்தொகை வாங்கினாள். மறுபடி கொட்டகை திறந்த அன்றே போய்ச் சொல்லி நிறுத்தினாள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினாள். பதிலாக இரண்டாவது நோட்டீஸ் வந்தது. பிறகு வசூல் கம்பெனிக்காரன் கூப்பிட ஆரம்பித்தான். வெர்னா எடுத்ததும் வைத்துவிடுகிறாள் என்று, மகள் கெரின் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கே கூப்பிட்டான். கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். கெரின் முகம் சிவந்துபோய், "ஆமா, அவங்க பொண்ணுதான்," என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் வெர்னாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது. முதல் தவணை கட்டியதற்கு நன்றியாம்.

"கட்டினது நீதானே?"

"ஆமாம்மா. தொலையட்டும்னு கட்டிட்டேன். கடையில தலைகாட்ட முடியல."

"நான் வாங்காத கடனை நீ எதுக்குடி கட்டுறே?"

கெரின் தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "ஒருவேளை நீ மறந்திருப்பியோ என்னமோம்மா. அப்ப நாங்க சின்னப் புள்ளைங்க. வீட்ல காசே கிடையாது. நீ வாங்கியிருந்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். எங்களுக்காகத்தானே."

அரசாங்கம் திருடி என்றபோது வெர்னாவுக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற மகள் பெரிய மனதோடு மன்னித்தபோது நெஞ்சில் வலித்தது. ஓய்வூதியம் போனால் போகட்டும், இவள் இப்படி நினைத்துக்கொண்டு தன் சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தாள்.

"மேல்முறையீடு போடப்போறேன். நீயும் வந்து உக்காந்து கேக்கணும்."

விசாரணை மில்டுரா நகரத்தில். அந்தக் காலத்தில் கொட்டகை ஆட்களின் பிரதிநிதியாக இருந்து தொப்பியில் ஓட்டு வாங்கி எண்ணிய லெஸ் ஆட்ஜர்ஸ் சாட்சிக்கு வந்தான். முதுகு கூனிவிட்டாலும் வாய் கூனவில்லை.

"என்ன வெர்னா, வழிக்குச் சாப்பாடு கட்டியிருக்கியா, இல்ல இன்னைக்கும் வாசப்படிதானா?"

"பேசாம வண்டியில ஏறுடா, கிழட்டுக் கடா."

விசாரணை அறைக்கு வெளியே அரசாங்கத் தரப்பு அதிகாரி ஃபென்விக் காத்திருந்தார். இளம் வயது, நல்ல கோட்டு. ஒரு தாளை நீட்டினார்.

"உங்க வயசையும் சூழ்நிலையையும் பார்த்து இந்தக் கடனைத் தள்ளுபடி பண்ணத் தயாரா இருக்கோம் மேடம். இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கட்டினதையும் திருப்பிக் குடுத்துடுவோம்."

கெரினுக்கு உயிர் வந்தது. "போடும்மா! நாம ஜெயிச்சாச்சு!"

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "இதுல நான் கடன் பட்டவ, நீங்க மன்னிச்சு விடுறீங்க. அப்படித்தானே?"

"அது சும்மா ஒரு நடைமுறை வாசகம்."

"அப்ப எடுத்துடுங்க."

"அது முடியாது மேடம். உள்ள போனா முடிவு எப்படியும் ஆகலாம். அப்புறம் இந்தச் சலுகை இருக்காது."

"அம்மா, உன் கால்ல வேணா விழறேன்," என்றாள் கெரின்.

"மன்னிப்பு எனக்கு வேணாம். நீ குடுத்ததும் வேணாம், இவர் குடுக்கிறதும் வேணாம்." தாளை அவர் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

நடுவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. லெஸ் மழையையும் தொப்பியையும் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஃபென்விக் எழுந்தார்.

"அன்னைக்கு நீங்க எப்படி ஓட்டு போட்டீங்க, திரு ஆட்ஜர்ஸ்?"

லெஸ் தலையை ஆட்டி மறுத்தான்.

"ஈரம்னு போட்டீங்களா?"

"அதைச் சொல்ல முடியாது."

"சொன்னா உங்க தோழிக்கு உதவியா இருக்குமே."

"என் பெண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல, உங்ககிட்டயா சொல்லுவேன்? தொப்பிக்குள்ள போனது தொப்பியோட போச்சு."

"தன் ஓட்டையே சொல்ல மறுக்கிற சாட்சியை எப்படி நம்புறது?" என்று ஃபென்விக் நடுவரைப் பார்த்தார். பின்னால் கெரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே சாட்சி, அவனும் இப்படி.

வெர்னா எழுந்தாள்.

"அவனை விடுங்க. அவன் சொல்லவும் மாட்டான், சொல்லவும் கூடாது. சொல்றவனா இருந்தா அவனை நான் கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன். நான் ஒண்ணு கேக்குறேன் தம்பி. நான் வேலை செஞ்சேன்னு சொல்றது நீங்க. எந்தக் கொட்டகையில செஞ்சேன்?"

"எங்க கணக்கு வருஷம் முழுசுக்கும்..."

"வருஷம் கிடக்கட்டும். ஒரே ஒரு நாள் சொல்லுங்க. அன்னைக்கு எங்க அடுப்பு மூட்டினேன், யாருக்குச் சோறு போட்டேன்? ஒரு நாள் காட்டுங்க, இங்கேயே உக்காந்து மொத்தத்தையும் கட்டிட்டுப் போறேன்."

ஃபென்விக் கோப்பின் தாள்களைப் புரட்டினார். நடுவரும் பேனாவை வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "அந்தக் குளிர்காலத்தில் இவர் வேலை செய்ததாக ஒரு நாளாவது உங்களிடம் இருக்கிறதா?"

"குறிப்பிட்ட நாளா... இல்லைங்க. சராசரிதான் இருக்கு."

"சராசரியில் யாரும் சமைக்க முடியாது," என்றார் நடுவர். சிறிது நேரம் எழுதினார், பிறகு நிமிர்ந்து வாசித்தார். வெர்னா ஹாட்ரிக் அரசுக்குக் கடன்பட்டவர் அல்ல. அந்தக் குளிர்காலத்திலும் அல்ல, அதன் பின் எப்போதும் அல்ல. வாங்கிய தவணையைத் திருப்பித் தர வேண்டும்.

லெஸ் மேசையைத் தட்டினான். வெர்னா மட்டும் உட்காரவில்லை.

"நடுவரம்மா, அந்த முதல் வரியை இன்னொரு தடவை படிங்க," என்றாள் நடுவரிடம். "கொஞ்சம் சத்தமா. என் பொண்ணு பின்னால உக்காந்திருக்கா."