ஓடுதுதானே என்றார்கள்

கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய தோட்டத்து மணியின் அழைப்பு வந்தது. "மிஸ்ஸி, சந்தனம் அண்ணன் செத்துட்டாருங்க. நான்தான் வண்டி எடுத்தேன்" என்றான்.

கரவனெல்லவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் சந்தனம் அண்ணன் பிக்கப் டிரைவர். நான் முன்பு அங்கே பல வருடம் மிட்வைஃபாக இருந்தேன். இறப்பர் பால் கேன், உரம், நோயாளி எல்லாம் அந்த ஒரே பிக்கப்பில்தான். வலி கண்ட பெண்ணைப் பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்து நான் பக்கத்தில் உட்காருவேன். "தங்கச்சி, புள்ள ஆஸ்பத்திரியிலதான் பொறக்கணும், என் வண்டியில கூடாது" என்று முன்னாலிருந்து கத்துவார். வலியில் கிடப்பவளும் சிரித்துவிடுவாள்.

தோட்டத்து ஆட்களே, அந்த வண்டியை அவர் ஓட்டிக் காப்பாற்றிய கதைகளை நீங்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீசல் டாங்கி ஒழுகினால் சவர்க்காரம் வைத்து அடைத்தார். கதவைப் பழைய டியூப்பால் இழுத்துக் கட்டினார். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்து மிதி தரைவரை இறங்கியபோது மட்டும் அவரிடம் வைத்தியம் இல்லை. வளைவு வருமுன்பே விடாமல் மிதித்து மிதித்து எப்படியோ பிடிக்கவைப்பார். புது சிலிண்டர் கேட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். பெரிய கிளாக்கர் ஜன்னல் வழியே வண்டியை எட்டிப் பார்த்து, "துவனவானே" என்பார். சிங்களத்தில் ஓடுதுதானே என்று அர்த்தம். அவ்வளவுதான் பதில்.

ஓர் ஆயுத பூசையன்று அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்கு மாலை போட்டு, தோட்ட மானேஜர் துரை தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க முதல் ஓட்டம் போவது தோட்டத்து வழக்கம். அன்று துரை வந்தபோது முன்சக்கரங்கள் இல்லாமல் வண்டி கல்மேல் நின்றது. "இன்னைக்கு ஓடாதுங்க தொர. பிரேக்கு போட்டுக் குடுங்க, அப்புறம் பூச வைப்போம்" என்றார். துரை தேங்காயைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே மேல் லயத்துத் தொடர்வீட்டில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு. யாரும் கேட்குமுன்பே அண்ணன் சக்கரங்களைப் பூட்டினார். அவள் பிழைத்தாள். ஆனால் ஆள் விழுந்தால் இவர் வண்டியை எடுத்துவிடுவார் என்பது ஆபீசுக்குத் தெரிந்துபோனது. அதன்பிறகு பிரேக் என்ற பேச்சுக்கே யாரும் காது கொடுக்கவில்லை.

இப்போது நெஞ்சு வலியில் விழுந்தது அவரே. டிரக்டர் ஓட்டும் மணி அவரைப் பிக்கப்பில் ஏற்றினான். பங்களா வாசலில் துரையின் ஜீப் சும்மா நின்றது. அதைக் கேட்கலாம் என்று லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துரைக்கு ஜீப், நமக்கு பிக்கப் என்று பிறந்ததிலிருந்து பழகிவிட்டோம். "மிதிச்சு மிதிச்சுப் புடிடா மணி" என்று படுத்தபடியே அண்ணன் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். முதல் இறக்கத்திலேயே மிதி தரையைத் தொட்டது. மணி வண்டியை மண்மேட்டில் மோதித்தான் நிறுத்தினான். கீழேயிருந்து த்ரீவீலர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் துரை பேசினார். "சந்தனம் இருந்தவரைக்கும் எங்களுக்குப் புது வண்டியே தேவைப்படல்ல" என்றார், பாராட்டாக. நீங்கள் தலையாட்டினீர்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் மேலும் எனக்குக் கோபம்தான். உங்களுக்கு ஏன் அண்ணே இத்தனை சாமர்த்தியம்?

அந்தச் சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் துரையின் முன்னால் நின்றாரே, அந்த மனிதரை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இப்போது நான் வேலை செய்யும் எஹலியகொடப் பக்கத் தோட்டத்திலும் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. "பிரேக்கு கொஞ்சம் எறங்குது மிஸ்ஸி, சமாளிச்சிக்கலாம்" என்றார் டிரைவர், போன வாரம். "சமாளிக்க வேணாம். சரி பண்ற வரைக்கும் ஒரு நோயாளியையும் அதுல ஏத்த விடமாட்டேன்" என்றேன். மறுநாளே ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டது. நேரே பங்களாவுக்குப் போய் ஜீப்பைக் கேட்டேன். இந்தத் தோட்டத்துத் துரை முறைத்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் சாவியைக் கொடுத்தார்.

அந்த ஜீப்பில் பிரேக் தொட்டவுடன் பிடித்தது.