மண்பொடியில் சிவப்புக் கோடு

பீங்கான் பட்டறை வாசலில் கொட்டிக்கிடந்த வெள்ளை மண்பொடியில் என் செருப்புத் தடம் பதிந்தபோதுதான் யோசனை பளிச்சிட்டது. என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்த காரில் மூன்று நாளாகப் பிடிபடாத ஆயில் கசிவு. அந்த ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸைத் துடைத்து, அதன்மேல் இந்தப் பொடியைத் தூவி, டிரைவரை ஸ்டேஷன்வரை ஓட்டிவரச் சொன்னேன். திரும்பியதும் பார்த்தால், பின்பக்க ஆயில் சீலிலிருந்து சிவப்புக் கோடு!

எந்தக் கார் நின்றாலும் அடியில் குனிந்து பார்க்கும் அந்தத் தலை நரைத்த டிரைவர் அதையே வெறித்தார்.

"போன மொதலாளி வண்டியிலயும் சொட்டிச்சி தம்பி. செம்மண்ணுல நெறம் தெரியல, ஏசித் தண்ணின்னு வுட்டுட்டேன். அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப கியர் புடிக்காம நின்னுடுச்சி. பின்சீட்டுலயே போயிட்டாரு."

"எங்கண்ணே?"

"பெண்ணாடம் ரோட்டுல. அப்புறம் அந்தப் பக்கமே ஓட்டல."

நாளை சீலை மாற்றிவிட்டு அந்த ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். "நீங்களே ஓட்டுங்க தம்பி" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். காலையில் அதை அவரிடமே நீட்டி, ஓட்டச் சொல்லப்போகிறேன்.