சட்டைப் பைக்குள் போகும் ஒயர்

போனில் ஹெட்போன் ஓட்டை வேண்டுமா வேண்டாமா என்று செஞ்சி டீக்கடையில் யாராவது பேச்சை எடுத்தால், முதலில் குரலை உயர்த்துகிறவன் நான்தான். ஒயருக்கு சார்ஜ் போட வேண்டாம், பஸ் நெரிசலில் காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் தொங்கும், ஓட்டையை அடைத்ததே நம்மை இன்னொரு பொருள் வாங்க வைக்கத்தான் என்று அடுக்குவேன். எல்லாம் நியாயமான காரணங்கள். என் காரணம் அதில் எதுவுமில்லை.

ஒயர் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். காதிலிருந்து ஒயர் தொங்குகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. வாயைத் திறக்கவே சோம்பல்படும் என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டிலும் அப்படித்தான். சோற்றுத் தட்டு வருவதற்குள் ஒயர் காதில் ஏறிவிடும்.

பழைய போன் செத்துப்போய்ப் புதிது வாங்கியபோது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சார்ஜ் போடும் துளை மட்டும்தான் இருந்தது. மறுபடி கடைக்குப் போனால் ப்ளூடூத்தைத் தலையில் கட்டினார்கள். அதைக் காதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து ஸீட்காரர் வேர்க்கடலை விலையில் ஆரம்பித்து மகன் கல்யாணம் வரை வந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, என் காதில் இருந்தது அவர் கண்ணில் பட்டால்தானே.

அதனால் பழைய ஒயரையே எடுத்தேன். இரண்டு முனைகளைக் காதில் செருகி, மூன்றாவதைச் சட்டைப் பைக்குள் சும்மா போட்டுக்கொண்டேன். பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. இப்படி ஒரு மூளை எனக்கு இருப்பதை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் மத்தியானமே கிளம்பினோம். முன் ஸீட்டில் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும், அவர்களுக்கு நேர் பின்னால் ஒயரோடு நான். வளத்தியில் பஸ் நின்றபோது மனைவி ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டாள்.

பஸ் கிளம்பியதும் அக்காவிடம் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சிங்கவரத்தில் தனியாக இருக்கும் என் மாமியார் தோட்டத்தில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தாராம். எனக்கு இது புதுச் செய்தி. உங்க வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா என்று அக்கா கேட்டார்.

"எங்க சொல்றது? அம்மாவ நம்மூட்டுக்கே கூட்டினு வந்துடலாமான்னு கேக்கத்தான் தெனம் தட்டு எடுத்துனு போறேன். காதுல ஒயரு இருக்குது. வெச்சிட்டு வந்துடறேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே குனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேஷம் கலைந்துவிடுமே. பெண்டாட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போதும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட மகராசன் நான். இல்லாத பாட்டுக்கு லேசாகத் தலையைக்கூட ஆட்டினேன்.

மேல்மலையனூர் வந்தது. கூட்டம் இறங்க முண்டியடித்தது. நான் எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன், ஒயரின் முனை பையிலிருந்து நழுவி என் தொடைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பிடித்து, மெதுவாக என் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"வளத்தியிலயே உழுந்துடுச்சி," என்றாள். "அம்மாவ எப்ப கூட்டினு வரலாம்?"