பெயர் எழுதாத அட்டைகள்

எழுபதுகளில் ஒரு நாள், கடப்பாக்கத்தில் கட்டுமரம் கவிழ்ந்து என் மச்சானைக் காணவில்லை. மயங்கிக் கிடந்த ஒருவனை யாரோ லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அனுப்பியதாகக் கரையில் சொன்னார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜன்னலில் இருந்தவர் நோயாளி அட்டைகளைப் பெயர் வரிசையில் தேடிவிட்டு, "அப்படி யாரும் இல்லை" என்றார். மறுபடி பாருங்கள் என்று ஜன்னலைவிட்டு நகராமல் நின்றேன்.

உள்ளே அட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, காதில் துண்டுப் பென்சில். ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அதில் பெயர் தெரியாதவர்களின் அட்டைகள். காலியான இடங்களில் எல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார்: சிலதில் "சொல்லவில்லை", பலதில் "கேட்கவில்லை".

"காலியா வுட்டா ஆளே இல்லேன்னு ஆயிடும், நைனா. பேரு இல்லாத ஆளு யாரு கீறான்? எவனாவது கேக்காம வுட்டிருப்பான். அடையாளம் இன்னா?"

"இடது கையில சுண்டுவிரல் இல்லீங்க."

நாலாவது அட்டையில் அது இருந்தது. பெயருக்கான இடத்தில் "பேச முடியவில்லை". நான் துடித்துக்கொண்டிருக்க, அவர் அதை ரப்பரால் அழித்து, பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டு மையில் எழுதினார். ஊதிக் காயவைத்து, அட்டையை வரிசையில் அதனிடத்தில் செருகினார். அப்புறம்தான், "மூணாம் வார்டு, ஓடு" என்றார்.

மச்சான் பிழைத்துக்கொண்டான்.

இதை எழுத உட்கார்ந்ததும் அந்த மனிதர் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை.