விளக்கெண்ணெய் மோட்டார்

காலை ஆறேகால் மணிக்கு வண்ணார்பேட்டைப் பட்டறையின் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் எண்ணெய்த் தகரம். அதில் நாற்பது என்று போட்டிருந்தது. எண் கூடினால் எண்ணெயின் கனமும் கூடும். என் பழைய காருக்கு முப்பதா, நாற்பதா என்று மெக்கானிக் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கோ அல்வாக் கரண்டி நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டாரே அபூர்வம். டவுனில் அல்வாக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், கடையை விற்றுப் பழைய மோட்டார் பஸ் ஒன்றை வாங்கிப் பாபநாசத்துக்கு விட்டார். டிக்கெட் கிழிப்பவன் நான். டிரைவர் ஞானமுத்து, பாளையங்கோட்டைக்காரர். ராசிக்காக அல்வாக் கரண்டி மோட்டாருக்குள் தொங்கியது.

முதல் ஓட்டமே கல்யாண ஓட்டம். மாப்பிள்ளை வீட்டாரை முகூர்த்தத்துக்குள் பாபநாசத்தில் இறக்க வேண்டும். தவறினால் இனி யார் ஏறுவார்கள்? விடியலில் அண்ணாச்சி தகரத்து எண்ணெயை, அல்வாப் பாகு பார்ப்பதுபோல, இரு விரலில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். கம்பி விட்டது. "பதம் சரியா இருக்கு. ஊத்தும்வே" என்றார்.

சேரன்மகாதேவி தாண்டுமுன் வைகாசி வெயில் ஏறிவிட்டது. எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு புகை கக்கியது. பக்கத்தில் வந்த வண்டிக்காரன், "அண்ணாச்சி, நம்ம காளையைப் பூட்டட்டுமா?" என்றான்.

"சூட்டுல எண்ணெ தண்ணியாப் போச்சு. தேஞ்ச எஞ்சின்ல இது நிக்காது" என்றார் ஞானமுத்து.

"காலைல கம்பி விட்டுச்சே..." என்ற அண்ணாச்சி சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். "ஆறின பாகுலயா பதம் பாத்தேன்! அடுப்புல இருக்கும்போதுல்லா பாக்கணும்!"

சாலையோரச் செக்கிலிருந்து விளக்கெண்ணெய் வாங்கிவந்தோம். அண்ணாச்சி பனையோலையைக் கொளுத்தி, தகரத்து எண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கரண்டியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடவைத்தார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே அங்கவஸ்திரத்தால் தீயை விசிறினார். "அண்ணாச்சி, பொண்ணு அங்கன மணைல உக்காந்திருப்பா!"

"பொறும் மாப்ளே, விரலு வேகுதுல்லா!"

தகரத்து எண்ணெய் விரலில் நிற்காமல் ஓடியது. விளக்கெண்ணெய் சூட்டிலும் விரலோடு ஒட்டி இழுபட்டது. பழையதை வடித்துவிட்டு அதையே ஊற்றினோம். கடகடப்பு அடங்கியது. வாசனைதான் அடங்கவில்லை. பேதிக்குக் குடித்த நினைவில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "எங்களுக்கு வேண்டாம் மாமா!"

நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டிய கையில் கரி இருந்தது. பந்தியில் எங்களுக்கு மட்டும் தனி மூலை, வாசனை அப்படி. அன்று முதல் ஊரில் அதற்குப் பேதி மோட்டார் என்றே பெயர். பெயர் எப்படியிருந்தாலும் இடம் பிடிக்கக் கூட்டம் முண்டியது. வழியில் நிறுத்தும்போதெல்லாம் அண்ணாச்சி சூடாக ஒரு சொட்டு எடுத்துப் பதம் பார்ப்பார். ஏறியிருப்பவர்களும் எட்டிப்பார்த்து, "இன்னும் ரெண்டு கிண்டு கிண்டணும்" என்பார்கள்.

மோட்டாரை இரும்பு விலைக்குப் போட்ட அன்று அண்ணாச்சி கரண்டியை மட்டும் கழற்றிக்கொண்டார். அந்தச் செக்கு இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் போடுகிறார்கள்.